ஊர் சுற்றுவது மாநாட்டுக்கு முன்பா, பின்பா?

வெளிநாட்டு மாநாட்டுக்கு முன்னதாகவே போய் ஊர் சுற்றினால் உடல் புது நேரத்துக்குப் பழகிவிடும். கடக்கும் ஒரு நேர மண்டலத்துக்கு ஏறத்தாழ 1 நாள் என்பது பொதுக் கணக்கு. விமானம் தாமதமானாலும் கட்டுரை வாசிப்பு தவறிப்போகாது. ஆனால் அருங்காட்சியகத்தில் ஓவியத்தின் முன் நிற்கும்போதும் மனம் திருத்தாத அந்த ஒரு ஸ்லைடிலேயே கிடக்கும்.

பின்னால் தங்கினால் அந்தப் பாரம் இல்லை. தேநீர் இடைவேளையில் அறிமுகமான உள்ளூர் ஆய்வாளரே எங்கே போகலாம் என்று சொல்லிவிடுவார். களைப்பு இருக்கும்தான்; இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

எதுவானாலும் விசாவில் கூடுதல் நாட்கள் அடங்க வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவென்றால், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் அந்தக் கூடுதல் நாட்கள் வரை நீள வேண்டும். நிறுவனம் செலவைத் தருகிறதா? அப்படியென்றால், மாநாட்டு நாட்களுக்கு மட்டும் போய்வந்தால் டிக்கெட் என்ன விலை என்பதை முன்பதிவு அன்றே அச்செடுத்து வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கணக்குப் பிரிவு கேட்கும்.