பிரைமரி தேர்தல்: நியூ ஜெர்சியா, நியூயார்க்கா?

நடுவில் ஹட்சன் ஆறுதான். ஆனால் பிரைமரி, அதாவது ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதல்கட்டத் தேர்தலின் விதிகள் வேறு வேறு. நியூ ஜெர்சியில் 21 நாள் முன்பே வாக்காளராகப் பதிந்திருந்தால் போதும். எந்தக் கட்சியிலும் சேராதவர், தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லிவிட்டு வாக்களிக்கலாம். அப்புறம் அந்தக் கட்சிக்காரராகவே பதிவாகிவிடுவார். வேறு கட்சிக்கு மாற, அடுத்த பிரைமரிக்கு 55 நாள் முன்பே படிவம் கொடுக்க வேண்டும்.

நியூயார்க் கறார். படிவத்தில் 'கட்சி வேண்டாம்' என்று முன்பு டிக் அடித்தவர், ஜூன் பிரைமரியில் வாக்களிக்க பிப்ரவரி 14-க்குள் அதைத் திருத்தியாக வேண்டும். காதலர் தினத்தன்று பூ வாங்க மறந்தாலும் சமாளிக்கலாம், இதை முடியாது! புதிதாகப் பதிபவருக்கு மட்டும் 10 நாள் முன்புவரை அவகாசம். கடைசி நேரத்தில் முடிவெடுப்பவருக்கு ஜெர்சிதான் தோது. கிரீன் கார்டு மட்டும் இரண்டு கரையிலும் செல்லாது, குடியுரிமை வேண்டும்.