பாகூருக்கு வர மறுத்த காது மிஷின்

இருபத்தாறு நாள் லீவில் பத்து நாளை ஒரு பார்சலுக்குத் தாரை வார்த்துவிட்டுப் பாரிசுக்குத் திரும்பியிருக்கிறேன். கல்யாணம், குலதெய்வப் படையல், மூலநாதர் கோயில் தரிசனம் எல்லாம் ஒரு குறையில்லாமல் முடிந்தன. அதையெல்லாம் எழுதப் போவதில்லை.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, காது மந்தம். சென்னைக் கடை ஒன்றில் ஆன்லைனில் காது மிஷின் வாங்கினேன். எங்கள் ஊரான பாகூர் இருப்பது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில். ஆனால் எங்கள் பின்கோடு கடலூர்ப் பக்கத்து 607-இல் தொடங்கும். புதுச்சேரி நகரத்துக்கு 605. எண்ணைத் தட்டியதும் படிவம் தானாகவே ‘தமிழ்நாடு, கடலூர்’ என்று நிரப்பிக்கொண்டது. மாற்றவும் விடவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். பிரான்சில் இருபது வருஷம் படிவம் நிரப்பிய கை சும்மா இருக்குமா? முகவரி வரியில் ‘புதுச்சேரி மாநிலம்’ என்று சேர்த்தேன்.

வந்தது வினை. மூன்றாம் நாள் பார்சல் கடலூர் குடோனுக்கு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே யாரோ ‘புதுச்சேரி’யைப் படித்துவிட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே யாரோ 607-ஐப் படித்துவிட்டுக் கடலூருக்குத் திருப்பினார்கள். மறுபடி புதுச்சேரி, மறுபடி கடலூர். போகும்போதும் வரும்போதும் கன்னியக்கோயிலைத் தாண்டித்தான் போயிருக்கும். அங்கே திரும்பினால் பாகூர். திரும்ப ஆளில்லை. இதற்கு நடுவில் வீட்டு போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எடுத்தது அம்மா. ‘ஆரு? ஆரு பேசறது?’ என்று நாலு முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ‘வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை’ என்று எனக்கு மெசேஜ் வந்தது. காது கேட்காததற்குத்தானய்யா மிஷின்!

தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தாவாக (சிப்பாயாக) இருந்த காலத்தில், கப்பலில் வந்த கடிதம்கூட வீட்டுப் பெயரை வைத்தே திண்ணைக்கு வந்து சேரும் என்பார் பாட்டி. தபால்காரர் படித்தும் காட்டிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போவாராம்.

இந்தக் குளறுபடி இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1752-இலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எங்கள் ஊர்ப் பக்கம் மோதிக்கொண்டார்கள், ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸ் ஜெயித்தார். 1783-இல் வெர்சாய் உடன்படிக்கை போட்டபோது, புதுச்சேரியோடு பாகூரும் பிரெஞ்சுக்காரர் பக்கம் என்று எழுதினார்கள். கடைசியில் கடலூர் ஆங்கிலேயருக்கு, பாகூர் பிரெஞ்சுக்காரருக்கு என்று நின்றுவிட்டது. பிரெஞ்சு நிலமும் இங்கிலீஷ் நிலமும் சட்டையில் ஒட்டுப் போட்டதுபோல் ஊடும் பாவுமாகக் கிடந்தன. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. கோடு மட்டும் அழியவில்லை. அம்மா பிறந்தபோது ஊர் பிரான்சுடையது. அம்மாவுக்கு வரும் பார்சல் எந்த ஊருடையது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. இத்தனைக்கும் எல்லையோர முள்ளோடையில் மது பாட்டில் வாங்க வருகிறவர்களுக்கு எல்லை எந்தக் கல்லில் தொடங்குகிறது என்று இருட்டில்கூடத் தெரியும்.

பிரான்சிலும் இப்படி ஒரு தீவு உண்டு. வால்ரேயாஸ் என்ற ஊர், நாலு பக்கமும் 26-ஆம் எண் மாவட்டம் சூழ, 84-ஆம் எண் மாவட்டத்தின் துண்டாக நடுவில் நிற்கிறது. தபால் எண்ணும் 84-இலேயே தொடங்கும். முடிந்தது கதை. இதைக் கொரியர்க்காரரிடம் போனில் விளக்கியிருக்கிறேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘சார், அந்த ஊர் பின்கோடு சொல்லுங்க’ என்றார்.

பாகூர் ஒன்றும் முகவரி இல்லாத ஊரல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், இங்கே இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்லூரிக்கு மூன்று ஊர்களை விட்டுக்கொடுத்ததற்குச் செப்பேடு இருக்கிறது. படிக்க வந்தவர்கள் பின்கோடு கேட்டா வந்தார்கள்? எங்கள் ஏரி புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. அதற்குத் தண்ணீர் தென்பெண்ணையில், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து, பங்காரு வாய்க்கால் வழியாகத் தமிழ்நாட்டைத் தாண்டி வருகிறது. பத்தாம் நாள் காலை வெறுத்துப்போய்க் கரைமேல் உட்கார்ந்திருந்தேன். ஏரி பாதிக்கு நிறைந்திருந்தது. நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அசையவே இல்லை. சின்ன வயசில் இங்கேதான் நீச்சல் பழகினேன். இப்போது இறங்கலாமா என்று நினைத்தபோது போன் அடித்தது.

‘அண்ணே, கடலூர்லேர்ந்து பேசறேன். மூலநாதர் கோயில் தெருவா? எங்க அத்தையை உங்க ஊர்லதான் குடுத்திருக்கு. சாயங்காலம் அங்க வரேன், பார்சலைக் கையோட எடுத்தாந்துடறேன்.’

ஆறரை மணிக்கு வந்தான். பைக்கில் அத்தைக்கு ஒரு பலாப்பழம், எங்களுக்குப் பார்சல். கையெழுத்து வாங்கவில்லை, ‘அதெல்லாம் நான் போட்டுக்கறேண்ணே’ என்றான். போகும்போது, ‘கடலூர்னு மட்டும் விட்டிருந்தா அன்னிக்கே வந்திருக்கும்ணே’ என்றும் சொல்லிவிட்டுப் போனான். பெட்டியின் நாலு மூலையும் நசுங்கி, மேலே ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிரான்சில் இப்படி வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே அவனுக்குக் காபி கொடுத்தேன்.

மிஷின் நன்றாக இருக்கிறது. பேட்டரி தனிப் பார்சலாம். நான் சென்னையில் விமானம் ஏறும்போது மெசேஜ் வந்தது: கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டுவிட்டது.