பட்டியலைப் பாடமாக்குவதா, வாக்கியத்தை வெட்டிப் பார்ப்பதா?

எவ்ரிவன், ஈச், நன், சம், போத் போன்ற ஆங்கிலச் சொற்கள் எழுவாயாக வந்தால் பின்னால் இஸ் போடுவதா, ஆர் போடுவதா? திருகோணமலையில் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. உவர்மலையில் நான் எடுக்கிற சின்ன ரியூசன் வகுப்பில் இரண்டு வழிகளையும் நடத்திப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைக்க வேண்டாம்.

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கொப்பியில் மூன்று கட்டங்கள். ஈச், ஈதர், நீதர், அப்புறம் வன், பொடி, திங் என்று முடிகிறவை ஒருமை. போத், ஃபியூ, மெனி, செவரல் பன்மை. இடத்தைப் பொறுத்து மாறுகிறவை மூன்றாவது கட்டம். பாடமாக்கி ஒப்புவிக்க வேண்டியதுதான். கீறிட்ட இடம் நிரப்புகிற கேள்விக்கு இது போதும். நாளைக்குப் பரீட்சை என்றால் நானும் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வழியில் பென்சில் வேண்டும். ஒஃப் என்று தொடங்கும் துண்டை வெட்டிவிட்டு, மிஞ்சுகிற சொல்லைப் பார்த்து வினையை எழுத வேண்டும். ‘ஈச் ஒஃப் த வெல்ஸ் அட் கன்னியா’ என்று வாக்கியம் தொடங்கினால் கன்னியாவும் கிணறுகளும் வெட்டுப்படும். மிஞ்சுவது ஈச். அப்போது இஸ்தான்.

பட்டியலைத் தண்ணீராக ஒப்புவிக்கிற பிள்ளைகூடக் கட்டுரையில் ‘ஈச் ஒஃப் த போட்ஸ் ஆர்’ என்று எழுதிவிடுகிறது. நான் பக்கம் மாறியதற்கு முக்கிய காரணம் இதுதான். விதி தெரியாமல் அப்படி எழுதுவதில்லை. வினைக்குப் பக்கத்தில் நிற்கிற போட்ஸ் கையை இழுத்துவிடுகிறது. ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் இதற்குத் தப்புவதில்லை. 1991இல் கத்ரின் பொக், கரோல் மில்லர் என்ற மொழி உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒருமை எழுவாய்க்குப் பின்னால் பன்மைப் பெயர் வந்தபோது பேசுகிறவர்கள் பன்மை வினைக்குச் சறுக்கினார்கள். பன்மை எழுவாய்க்குப் பின்னால் ஒருமைப் பெயர் வந்தபோது அவ்வளவு சறுக்கல் இல்லை. நம்முடைய பட்டியலோடு இதை வைத்துப் பாருங்கள். ஈச் ஒஃப், நீதர் ஒஃப், வன் ஒஃப் ஆகியவற்றுக்குப் பின்னால் எண்ணக்கூடிய பொருள் வந்தால் அது பன்மையில்தான் வரும். ஒவ்வொரு முறையும் பொறியை வைத்துக்கொண்டேதான் வாக்கியம் தொடங்குகிறது. பட்டியலை எத்தனை தரம் ஒப்புவித்தாலும் அந்தப் பொறி அங்கேயேதான் இருக்கும், வெட்டினால்தான் போகும். பட்டியலை மாதத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கவும் வேண்டும், வெட்டுகிற பழக்கம் கையோடு வந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது. சம், எனி, நன், ஆல், மோஸ்ட் என்ற ஐந்துக்கும் வெட்டிய துண்டைத்தான் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். ‘மோஸ்ட் ஒஃப் த றைஸ் இஸ்’, ஆனால் ‘மோஸ்ட் ஒஃப் த ஹோட்டல்ஸ் இன் நிலாவெளி ஆர்’. ஆங்கில முதல் எழுத்துகளைக் கோர்த்தால் ‘சனம்’ என்று வரும், பிள்ளைகளுக்கு அது உடனே ஒட்டிக்கொள்கிறது. ஆக, இந்த ஐந்தையாவது பாடமாக்கத்தான் வேண்டும். இதில் நன் ஒரு தனி வழக்கு. ‘நன் ஒஃப் த போட்ஸ்’ என்றால் இஸ் மட்டும்தான் சரி என்று பிடிவாதமாக நிற்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பெரிய அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. நான் இரண்டுக்கும் புள்ளி போடுகிறேன்.

ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளுக்கு நான் அதிகம் படிப்பித்ததில்லை. அந்த வயதில் வாக்கியங்கள் சின்னவை, ஒஃப் துண்டும் குறைவு. அவர்களுக்குப் பட்டியலே போதுமாக இருக்கலாம்.

இரண்டு வழியுமே கைவிடுகிற இடம் ஒன்று உண்டு. ‘எவ்ரிவன் இஸ் ஹியர், ஆர்ன்ட் தே?’ வினை ஒருமை, வாலில் வருகிற தே பன்மை. எவ்ரிவனுக்குப் பின்னால் தெயர் எழுதுவதும் இதே கதைதான். அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேடு 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் ஒருமைக்கு வரும் தேயை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. வினைக்கு ஒரு கணக்கு, பின்னால் வருகிற சுட்டுப்பெயருக்கு இன்னொரு கணக்கு என்பதால், வெட்டுகிற பழக்கம் நன்றாகப் படிந்த பிறகே இதை எடுக்கிறேன்.