மீன் கெட்டதைக் கண்டுபிடிக்க எந்தப் பொருள்? மின்சாரம் கடத்தும் அணைவுப் பல்லுறுப்பிகள் நான்கு

பாம்பன் கரையில் மீன் ஏலம் எடுப்பவர்கள் செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பார்கள், வயிற்றை விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். மீன் கெட ஆரம்பித்தால் அமோனியாவும் ட்ரைமெத்தில் அமீனும் வெளியாகும். அதைக் காட்டும் மலிவான உணரி ஒன்று இருந்தால் நாட்டுப்படகுக்காரர் தன் மீன் நல்ல மீன் என்று நிரூபித்து விலை கேட்கலாம். அதற்கு அணைவுப் பல்லுறுப்பிகளில் எது சரிப்படும்?

உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் கோத்துக் கட்டும் படிகங்கள் இவை. இதில் நுண்துளை உள்ள வகைக்காகத்தான் 2025-இல் கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்தாது. கடத்துபவை சிலவே. மின்சாரம் மாறுவதை வைத்தே இந்த உணரி வாயுவைக் காட்டும் என்பதால் நமக்கு வேண்டியவை அவைதான்.

கடத்துதிறனை மட்டும் பார்த்தால் செம்பு-பி.எச்.டி.தான் முதல் (பி.எச்.டி. என்பது செம்பைக் கோக்கும் கரிம மூலக்கூறின் சுருக்கப் பெயர்). 2015-இல் அளந்தபோது செ.மீ.க்கு 1580 சீமென்ஸ் (கடத்துதிறனின் அலகு; கீழே வரும் எண்களும் செ.மீ.க்கே). ஆனால் அடுக்குகள் நெருங்கிக் கிடப்பதால் வாயு உள்ளே போக இடமே இல்லை. நமக்கு ஆகாது.

அடுத்தது எச்.கே.யு.எஸ்.டி-1 என்ற, நுண்துளை உள்ள செம்புச் சட்டகம். இயல்பில் இது கடத்தாப் பொருள். 2014-இல் துளைகளுக்குள் டி.சி.என்.கியூ. என்ற கரிம மூலக்கூறை ஏற்றியதும் கடத்துதிறன் பல லட்சம் மடங்கு ஏறி 0.07 சீமென்ஸைத் தொட்டது. அருமையான வேலைதான். ஆனால் கடல்நீரே ஏறத்தாழ 0.05 சீமென்ஸ் கடத்தும், அயனிகள் மூலமாக. உப்புக்காற்று வீசும் கரையில் உணரிமேல் ஈர உப்பு படிந்தால், அது காட்டுவது உப்பையா மீனையா என்று பிரிப்பது பெரும்பாடு. அப்புறம், இந்தச் சட்டகம் ஈரத்தில் மெல்லச் சிதையவும் செய்யும்.

உண்மையான போட்டி நிக்கல்-எச்.ஐ.டி.பி.க்கும் செம்பு-எச்.ஐ.டி.பி.க்கும்தான் (எச்.ஐ.டி.பி.யும் உலோகத்தைக் கோக்கும் ஒரு கரிம மூலக்கூறுதான்). இரண்டும் தேன்கூடு போன்ற தகடுகளின் அடுக்கு. மாறுவது உலோகம் மட்டும். பொடியை வில்லையாக அழுத்தி அளந்தால் நிக்கல் 2 சீமென்ஸ், செம்பு 0.2. பத்தில் ஒரு பங்கு! ஆனாலும் 2015-இல் சோதித்தபோது 10 லட்சம் பங்கு வாயுவில் வெறும் அரைப் பங்கு இருந்த அமோனியாவையும் காட்டிக்கொடுத்தது செம்புதான். நிக்கல் அசையவே இல்லை. காற்றில் 60 சதவீத ஈரப்பதம் இருந்தபோதும் செம்பு வேலை செய்தது. நன்றாகக் கடத்துவது வேறு, வாயு வந்து ஒட்டும்போது கடத்துதிறன் மாறுவது வேறு. உணரிக்கு வேண்டியது இரண்டாவது.

நிக்கலை ஒதுக்கவும் வேண்டாம். 2017-இல் அதில் செய்த மீமின்தேக்கி (மின்சாரத்தைச் சேமித்து வேகமாகத் தரும் கருவி) 10,000 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 90 சதவீதத்துக்கு மேல் திறனை வைத்திருந்தது. உணரிக்கு மின்சாரம் சேமிக்கும் பக்கம் அதற்கு இடம் உண்டு.

என் தேர்வு செம்பு-எச்.ஐ.டி.பி. ஒரு நிபந்தனையோடு: மண்டபம், தொண்டிப் பக்கம் ஈரப்பதம் 60-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம், ஐஸ் பெட்டிக்குள் கேட்கவே வேண்டாம். ஆகவே 85, 95 சதவீத ஈரத்திலும், உப்புத் தெளிப்பிலும், அமோனியாவோடு ட்ரைமெத்தில் அமீனையும் சேர்த்து இதைச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையை இந்தக் கரையிலேயே, ஏலத்துக்கு வரும் மீனை வைத்தே செய்யட்டும்.