செம்பு இல்லாத பாசித் தடுப்புப் பூச்சு: எட்டு மாதம் போட்டுப் பார்த்தது

காட்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டியில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறோம். வேலூர் வெயிலுக்குப் பத்தே நாளில் சுவரெல்லாம் பச்சைப் பாசி ஏறிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கரைத்து ஊற்றினேன். பாசி செத்தது, மறுநாள் காலையில் மீன்களும் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் வலையால் அள்ளிக் கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் புதைத்தார்.

அதனால்தான் இந்தச் சிலிகோன் பூச்சை வாங்கினேன். "இதுல செம்பு கிடையாது சார், மீனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் கடைக்காரர். அது உண்மைதான், எட்டு மாதத்தில் ஒரு மீன்கூட சாகவில்லை. ஆனால் டப்பாவில் "பாசியே பிடிக்காது" என்று போட்டிருப்பது சரியில்லை. பிடிக்கிறது. இது பாசியைக் கொல்கிற மருந்து இல்லை, பிடிமானம் கிடைக்காத வழவழப்பு, அவ்வளவுதான். இந்த மாதிரிப் பூச்சைக் கப்பலுக்கு அடித்தால் ஓடுகிற வேகத்தில் தண்ணீரே உரித்துவிடும், தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்பதால் நாம்தான் துடைக்க வேண்டும். முன்பு பிரஷ் போட்டு அரை நாள் தேய்த்த சுவர், இப்போது பழைய பனியன் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பாசி தோல் மாதிரி சுருண்டு கையோடு வந்துவிடுகிறது. எனக்கு இது போதும்.

கப்பல் அடியில் பாசி பிடிக்காமல் இருக்க முன்பு டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயம் சேர்ந்த ரசாயனம் கலந்த பெயிண்ட் அடித்தார்கள். அந்த விஷம் கடலில் கசிந்து பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே படுக்க வைத்தது. 1982-லேயே அந்த நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது, உலக அளவிலான தடை நடைமுறைக்கு வர 2008 ஆனது. எங்கள் தொட்டியில் நான் செய்ததையே கடலில் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள் என்று படித்தபோது மனசு கனத்தது.

வாங்குகிறவர்கள் பிரைமரை விடாதீர்கள். சுவர் நன்றாகக் காய வேண்டும், ஈரம் இருந்த ஒரு மூலையில் எனக்கு உரிந்தது. அப்புறம் இரும்பு நார் கூடவே கூடாது, அம்மா தெரியாமல் ஒரு முறை தேய்த்துவிட்டார், அந்தக் கீறலில் மட்டும் பாசி இன்றைக்கும் விடாப்பிடியாக நிற்கிறது. மேலே வேறு பெயிண்டும் ஒட்டாது, நான் அடித்துப் பார்த்தேன். அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு இதே பூச்சைத்தான் மறுபடி அடிக்க வேண்டும், மீனை அண்டாவுக்கு மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் செய்துவிடுவேன்.