மண்டபம் கடற்கரையில் ஐரோப்பிய நாட்டுப்புற இசை

ராமேஸ்வரம் அருகேயுள்ள மண்டபம் ஊர்க் கடற்கரையில் சென்ற சனிக்கிழமை மாலை நடந்த ஐரோப்பிய நாட்டுப்புற இசைக் கச்சேரிக்கு 300 ரூபாய் கட்டணம் செலுத்திச் சென்றிருந்தேன். நான்கு நாட்டு இசையை இரண்டு மணி நேரத்தில் அடக்கியிருந்தார்கள்.

என்னை அசையவிடாமல் இருத்தியது பல்கேரியாவின் கைடா என்ற தோற்பைக் குழல். ஆட்டுத்தோல் பையில் வாயால் காற்றை நிரப்பி, அதைக் கையிடுக்கில் அழுத்தியபடியே ஒரு குழலில் விரலோட்ட, சுருதிக்குழல் இடைவிடாமல் ஒலித்தபோது நம் கோயில்களில் நாதஸ்வரத்துக்குச் சுருதி கூட்டும் ஒத்துக்குழல் நினைவுக்கு வந்தது. 2+2+3 என ஏழாக நடக்கும் ரச்செனித்சா ஆட்டத்தாளத்தை 3+2+2 என நடக்கும் நம் கர்நாடக இசையின் மிச்ர சாபு தாளம் என்றெண்ணித் தொடையில் தட்டத் தொடங்கிய முன்வரிசைப் பெரியவர், அங்கே நீண்ட அங்கம் கடைசியில் வருவதை உணர்ந்து இரண்டு சுற்றுக்குள் திருத்திக்கொண்டார்.

அயர்லாந்தின் தோற்பைக் குழலான இல்லன் பைப்பை ஊதுவதில்லை. முழங்கையால் துருத்தியை இயக்குகிறார்கள். நார்வேயின் ஹார்டாங்கர் பிடிலில் வில் படாத அடித்தந்திகள் தாமாகவே அதிரும் நுட்பமோ கடற்காற்றின் இரைச்சலில் கரைந்துபோயிற்று. ஒலிவாங்கிகளுக்கு உறைகூடப் போடாதது அமைப்பாளர்களின் அலட்சியம். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற போர்ச்சுகலின் ஃபாடோ பாடல் வகை, கடலையும் பிரிவையும் பாடுவது. அதை மீனவர் ஊரில் பதினைந்தே நிமிடத்தில் முடித்ததை மன்னிக்க இயலவில்லை. மணலில் புதையும் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பொறுத்துக்கொள்பவர்கள் மேடைக்கு அருகிலேயே அமர்வது நல்லது.