துண்டா, தூக்கலா, நாற்காலியா, சுவரா?

முட்டியை அசைக்காமல் தொடையின் முன்தசைக்குப் பலம் ஏற்றும் இந்த நான்கு பயிற்சிகளில் எது மேல்? முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிசியோ சொல்லித் தரும் முதல் பயிற்சி, பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு. அதைக் கீழே அழுத்தி 5 நொடி பிடிக்க வேண்டும். மூட்டு அசையாது, தொடையின் முன்தசை மட்டும் இறுகும். இரண்டு நாளில் அலுத்துப்போய், பலரும் காலை நேராகத் தூக்கும் பயிற்சிக்குத் தாவிவிடுகிறார்கள்.

தூக்குவது அடுத்த படிதான். ஆனால் அதில் ஏமாற்ற இடம் அதிகம். இடுப்பை மடக்கும் தசைகளும் சேர்ந்து தூக்குவதால், முன்தசை அரைத் தூக்கத்தில் இருந்தாலும் கால் எழும்பிவிடும். பக்கவாட்டிலிருந்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் எழும்போது முட்டி லேசாக மடங்கித் தொங்கினால், சரி, துண்டுக்கே திரும்ப வேண்டியதுதான். துண்டு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது: தசை ஒழுங்காக இறுகினால் முட்டிச்சில்லு தொடைப் பக்கம் நகர்வது விரலுக்கே தெரியும். நகரவில்லையா? பிட்டத்தை இறுக்கிக்கொண்டிருப்பீர்கள். மூட்டில் நீர் கோத்திருந்தாலும் இப்படி ஆகும். அந்தத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையையே வீக்கம் மட்டுப்படுத்திவிடும். சோம்பல் என்று நொந்துகொள்ள வேண்டாம்.

அப்புறம் நாற்காலி. கணுக்காலைப் பட்டையால் நாற்காலிக் காலோடு கட்டி, 90 அல்லது 60 டிகிரி மடக்கத்தில் முன்னோக்கி உந்துவது. என் ஓட்டு இதற்குத்தான். அசையாப் பயிற்சியில் பலம் பெரும்பாலும் பழகிய கோணத்தையொட்டியே கூடும். நீட்டிய காலில் மட்டும் பழகினால் மாடிப்படியில் கைகொடுக்காது. முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநாரை (ACL) மாற்றியவர்களுக்கும் இந்தக் கோணங்கள் தோது. கால் நீளும் கடைசி 30, 40 டிகிரியில் எதிர்ப்போடு உந்தினால்தான் புது நார் அதிகம் இழுபடும். மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் சவ்வையோ (மெனிஸ்கஸ்) தசைநாரையோ தைத்திருந்தால் எவ்வளவு மடக்கலாம் என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எதிலும் முதலில் நொடியைக் கூட்டுங்கள், பிறகு அழுத்தத்தை, எடையைக் கடைசியில். மூச்சை அடக்காமலிருக்க வாய்விட்டு எண்ணலாம். மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் ஒரு படி கீழே.

சுவரில் சாய்ந்து அரை உட்காரலாக நிற்பதைக் கடைசியில் வைப்பேன். ஆழம் கூடக்கூட சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். அதைவிட, நல்ல கால் பாரத்தைத் திருடிக்கொள்ளும். பாதங்களுக்கு அடியில் தனித்தனியே ஒரு எடை பார்க்கும் மெஷினை வைத்துப் பாருங்கள், திருட்டு கிலோ கணக்கில் தெரியும்.